கருவிழியின் கடைசிப் படலம்

கண்புரை அறுவைக்கு முன்னால் சிலருக்கு ஒரு சிறப்புப் படம் எடுப்பார்கள். சாம்பல் நிறத் திரையில் அறுகோணக் கட்டங்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். அகலம் சுமார் 20 மைக்ரான். கருவிழியின் ஆக உட்புறத்தில், ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும் எண்டோதீலியம் அது. நம் பார்வையின் தெளிவு பெருமளவுக்கு இதன் கையில்தான் இருக்கிறது.

கருவிழியின் மொத்தத் தடிமனே நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா. மெல்லிய கொலாஜன் ஏடுகள் 200க்கு மேல் அடுக்கியது. இழைகள் ஒரே பருமனில், சீரான இடைவெளியில் ஓடுவதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியும் கொலாஜன்தான். அங்கே இந்த ஒழுங்கு இல்லை, அவ்வளவுதான்.

ஸ்ட்ரோமாவுக்கு ஒரு பலவீனம் உண்டு: தண்ணீர் கிடைத்தால் உறிஞ்சி உப்பிவிடும். கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லாததால், உணவு பெரும்பாலும் உள்ளிருக்கும் கண்நீர்மத்திலிருந்தே கசிந்து வர வேண்டும். கசியவும் விட வேண்டும், தேங்கவும் விடக் கூடாது. ஓட்டைப் படகில் நீர் இறைப்பவரைப் போல எண்டோதீலியச் செல்கள் கசிந்த நீரை இரவும் பகலும் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன.

இந்தச் செல்கள் இறந்தால் புதிதாக முளைப்பதில்லை. பக்கத்துச் செல்கள் அகன்று இடத்தை நிரப்பும். சதுர மில்லிமீட்டருக்குப் பிறக்கும்போது 3,000க்கு மேல் இருப்பது, நடுவயதில் 2,500 அளவுக்கு இறங்கும். சில நூறாகக் குறைந்தால் கருவிழி வீங்கி மங்கும்.

ஃபூக்ஸ் நோயில் நடப்பது இதுதான். வியன்னா மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1910இல் இதை விவரித்தார். செல்களுக்கு அடித்தளமான டெஸிமெட் சவ்வில் சிறு புடைப்புகள் கிளம்பும். காலையில் பார்வை புகைமூட்டமாக இருக்கும், மதியத்துக்குள் தெளியும். இரவெல்லாம் இமை மூடியிருந்ததால் கண்ணின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகாததே காரணம்.

முன்பு இதற்கு முழுக் கருவிழியையும் மாற்றினார்கள். 2006இல் நெதர்லாந்தின் ஹெரிட் மெலஸ், டெஸிமெட் சவ்வையும் எண்டோதீலியத்தையும் மட்டும் மாற்றும் முறையை வெளியிட்டார். தானக் கண்ணிலிருந்து உரித்ததும் அந்தப் படலம் தானாகவே சுருண்டுகொள்ளும். நீலச் சாயம் ஏற்றி, கண்ணுக்குள் விரித்து, காற்றுக் குமிழால் மேலே அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். படலத்துக்குத் தையல் கிடையாது. நோயாளி மல்லாந்து படுத்திருந்தால் போதும்.

கண் வங்கிகள் தானக் கண்ணின் எண்டோதீலியச் செல்களை எண்ணிப் பார்த்தே அறுவைக்குக் கொடுக்கின்றன. இளையவர்களின் படலம் இறுகச் சுருண்டு விரிய மறுக்கும். டெஸிமெட் சவ்வு ஆயுள் முழுக்கத் தடித்துக்கொண்டே வருவதால் முதியவர்களுடையது எளிதாக விரிகிறது. அதனால், செல் எண்ணிக்கை போதுமானதாக இருந்தால், இந்த அறுவைக்கு வயதானவர்களின் கண்களையே மருத்துவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள்.