முள் தைத்த காலில் கருங்குருணை

கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் கரிசல் புஞ்சையில் சோளம் போடுபவர்களுக்குக் கரிப்பூட்டை நோயைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கதிரில் தானியம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய தோல் போர்த்திய சிறு பை நிற்கும். நகத்தால் கீறினால் மாவு வராது, கரித்தூள்தான் கொட்டும். அத்தனையும் பூஞ்சை வித்துகள். கதிரடிக்கும்போது பறந்து நல்ல விதையிலும் ஒட்டிக்கொள்ளும். விதை முளைக்கும்போது அதுவும் முளைத்து, முதலில் ஈஸ்ட் போன்ற ஒற்றைச் செல்களைத் தள்ளும். அந்த உருவத்தில் அதனால் பயிரை ஒன்றும் செய்ய முடியாது. பொருத்தமான இரண்டு செல்கள் கூடி இழையாக நீண்ட பிறகுதான் இளங்குருத்துக்குள் நுழையும். விதைக்குமுன் கந்தகத் தூளைக் கலப்பது இந்த வித்துகளைக் கொல்லத்தான்.

மனிதரைத் தாக்கும் சில பூஞ்சைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை மண்ணில் இழையாக வளரும். மூச்சோடு நுரையீரலுக்குள் போய் 37 டிகிரி உடற்சூடு பட்டதும் ஈஸ்டாக மாறும். வேதிப்பொருள் ஒன்றால் அந்த மாற்றத்தை நிரந்தரமாகத் தடுத்து, இழையாகவே நின்றுபோன பூஞ்சையை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கு நோய் வரவில்லை. ஆக, உருவம் மாறுவது நோயின் விளைவு அல்ல, அதுதான் நோய்க்கே வழி.

உடலுக்குள் போய் வேறு உருவெடுக்கும் பூஞ்சையால் வரும், நம் பக்கத்துப் பெயரையே தாங்கிய நோய் ஒன்றும் உண்டு: மதுரைக் கால். 1842-இல் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் மதுரையில் இதைப் பதிவு செய்தார். 1860-இல் பம்பாயிலிருந்த வான்டைக் கார்ட்டர் இது பூஞ்சையின் வேலை என்று சொல்லி ‘மைசிட்டோமா’ எனப் பெயர் வைத்தார். ‘கிரேஸ் அனாட்டமி’ என்ற உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த அதே கார்ட்டர்தான்.

செருப்பில்லாத காலில் உடைமுள்ளோ கருவேல முள்ளோ தைக்கிறது. முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். வெகுநாள் கழித்து அங்கே வலியில்லாத ஒரு கட்டி. பிறகு பாதம் வீங்கி, பல கண்கள் திறந்து, சீழோடு கேழ்வரகு பருமனில் குருணைகள் வெளிவரும். கருப்புக் குருணையென்றால் பெரும்பாலும் மதுரெல்லா என்ற பூஞ்சை. வெள்ளை, மஞ்சள் குருணைகளில் பலவற்றுக்குக் காரணம் பாக்டீரியா. அதற்கு மருந்தே வேறு.

அந்தக் கருங்குருணையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், உடலுக்கு வெளியே தனித்தனியாகப் பரவும் இழைகள் உள்ளே நெருங்கிப் பின்னி, மெலனின் கலந்த கெட்டிப் பசையில் உறைந்து கிடப்பது தெரியும். நோயெதிர்ப்புச் செல்கள் சுற்றி முற்றுகையிட்டாலும் உள்ளே போக முடிவதில்லை. மருந்தும் லேசில் இறங்காது. வேடிக்கை என்னவென்றால், அதே குருணையை ஆய்வகத் தட்டில் வளர்த்தால் பழையபடி இழையாகப் பரவும், குருணை கட்டாது. தேனடையைத் தின்னும் மெழுகுப் பூச்சியின் புழுவுக்குள் செலுத்தினால் கட்டுகிறது! எதிர்த்துச் சண்டை போடும் ஓர் உடல் இருந்தால்தான் கோட்டை எழும்போலும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் மைசிட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. எலும்புவரை இறங்கிவிட்டால் காலையே எடுக்க நேரிடும். முள் குத்திய இடத்தில் கட்டி இருந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். குருணை என்ன நிறம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.