எங்கே திரும்புகிறது இந்தப் புதிர்?

ரூபிக் கியூபைத் தீர்க்கப் பழகிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், அடுத்து எந்தப் புதிரை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. சமூக மன்றத்தில் வார இறுதிகளில் அவர்களுக்குக் கியூப் சொல்லித் தருகிறேன். பலரும் ஸ்கியூபைத்தான் கையில் எடுப்பார்கள். அதுவும் கனசதுரம், அதே ஆறு நிறங்கள், துண்டுகளும் குறைவு. 12 முகங்கள் கொண்ட மெகாமின்க்ஸைக் கண்டால் ஒதுங்கிவிடுவார்கள். உண்மையில் அவர்கள் கைக்குப் பழக்கமானது மெகாமின்க்ஸ்தான்!

காரணம் உள்ளே இருக்கிறது. 1974ஆம் ஆண்டு ஹங்கேரியில் எர்னோ ரூபிக் உருவாக்கிய கனசதுரத்தின் நடுவே ஆறு கைகள் உள்ளன. ஒவ்வொரு கையும் ஒரு முகத்தின் நடுத்துண்டைப் பிடித்திருக்கிறது. நடுத்துண்டுகள் நின்ற இடத்திலேயே சுழலும். 12 விளிம்புத் துண்டுகளும் எட்டு மூலைத் துண்டுகளும் இடம் மாறும்.

மெகாமின்க்ஸில் கைகள் 12. ஒரு திருப்பம் 90 பாகைக்குப் பதிலாக 72 பாகை. மற்றபடி திரும்புவது முகம்தான். வலப்பக்கத்தைத் திருப்பி, மேல்பக்கத்தைத் திருப்பி, பிறகு அதே வரிசையில் இரண்டையும் எதிர்த்திசையில் திருப்புங்கள். இதை ஆறு முறை செய்தால், இரண்டு புதிர்களும் தொடங்கிய நிலைக்கே வந்துவிடும். துண்டுகள் அதிகம் என்பதால் மெகாமின்க்ஸுக்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஸ்கியூபில் முகம் திரும்பவே திரும்பாது. மூலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். மூலைக்கு எதிர்மூலை செல்லும் அச்சுகள் நான்கு. ஒரு திருப்பம் 120 பாகை. வெட்டு கனசதுரத்தின் மையம் வழியாகவே போவதால், ஒவ்வொரு முறையும் பாதிப் புதிர் நகர்கிறது. ஒரே திருப்பத்தில் ஆறு முகங்களும் கலைந்துவிடும். விளிம்புத் துண்டு என்பதே கிடையாது. மனப்பாடம் செய்த ரூபிக் சூத்திரம் எதுவும் இங்கே செல்லாது.

ரூபிக் கியூபை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கும் ஒரு தம்பி, “எனக்கு இதுக்கெல்லாம் மூளை பத்தாது அண்ணா,” என்று ஸ்கியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவன் கையில் நான்முகி வடிவ பிரமின்க்ஸைக் கொடுத்தேன். பிறகு ஒரு கனசதுரம் வரைந்து, ஒரே விளிம்பில் அடுத்தடுத்து வராத நான்கு மூலைகளைக் கோடுகளால் இணைக்கச் சொன்னேன். நான்முகி வந்தது. பிரமின்க்ஸின் நான்கு அச்சுகளும் ஸ்கியூபின் நான்கு அச்சுகளும் ஒன்றே. பிரமின்க்ஸில் வெட்டின் ஆழம் குறைவு.

படத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “முகத்தைத் திருப்பியாச்சு, மூலையையும் திருப்பியாச்சு. விளிம்பைப் பிடிச்சுத் திருப்புற புதிர் இருக்கா அண்ணா?” என்று கேட்டான்.

இருக்கிறது. அதன் பெயர் ஹெலிகாப்டர் கியூப்.