பாதி தானியங்கி, முழுப் பொறுப்பு

மின்சாரக் கார் என்றாலே தானாக ஓடும் கார் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ‘அடாஸ்’ எனப்படும் ஓட்டுநர் உதவி அமைப்பு என்பது கேமரா, ரேடார், கணினி ஆகியவற்றின் கூட்டு. பெட்ரோல் வண்டியிலும் பொருத்தலாம். இந்தியாவில் 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 டீசலிலும் ஓடும் வண்டிதான்; அதிலும் இந்த வசதி உண்டு. டெஸ்லா தன் மின்சாரக் கார்களில் 2015-இல் ‘ஆட்டோபைலட்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்து உலகெங்கும் பேசவைத்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. ஷோரூமில் ‘அடாஸ்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் 2-ஆம் நிலைக்கு மேல் போவதில்லை. முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு அது வேகத்தைக் கூட்டும், குறைக்கும். சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கையும் திருப்பும். ஆனால் ஓட்டுபவர் மனிதர்தான், பொறுப்பும் அவருடையதுதான். கைக்கு வேலை இல்லை, கண் மட்டும் விழிப்பாக இருக்கவேண்டும் என்ற இந்த ஏற்பாடு மனித இயல்புக்கு ஒத்துவருவதில்லை.

2016 மே 7 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில், வில்லிஸ்டன் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையின் குறுக்கே திரும்பிய டிரெய்லர் லாரிக்கு அடியில் ஒரு டெஸ்லா மாடல் எஸ் புகுந்தது. வேகம் மணிக்குச் சுமார் 119 கி.மீ. வெளிச்சமான வானத்தின் பின்னணியில் டிரெய்லரின் வெள்ளைப் பக்கவாட்டைக் காரும் கவனிக்கவில்லை, ஓட்டியவரும் கவனிக்கவில்லை. அவர் இறந்துபோனார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரின் பதிவுகளை ஆராய்ந்தது. ஆட்டோபைலட் இயங்கிய சுமார் 37 நிமிடத்தில், ஸ்டீயரிங்கில் கை பட்டதாகப் பதிவான நேரம் மொத்தமே 25 வினாடி. லாரி ஓட்டுநர் வழிவிடாததை வாரியம் குறை சொன்னது. காரோட்டி கருவியை நம்பிக் கவனத்தை விட்டதையும், அதற்கு இடம்கொடுத்த வடிவமைப்பையும் சேர்த்தே சொன்னது.

நின்றுகொண்டிருக்கும் பொருளும் இந்த அமைப்புகளுக்குச் சிக்கல்தான். சாலையோரக் கம்பத்துக்கும் மேம்பாலத்துக்கும் எல்லாம் பிரேக் போட்டால் வண்டி நகராது என்பதால், அசையாதவற்றில் பலவற்றை ரேடார் ஒதுக்கிவிடும்படி அமைக்கிறார்கள். அப்படி ஒதுக்கப்படுவதில் நிறுத்திவைத்த தீயணைப்பு வண்டியும் சேர்ந்துவிடலாம். நின்றிருந்த அவசர வண்டிகள்மீது டெஸ்லா கார்கள் மோதியது பற்றி 2021-இல் அமெரிக்க அரசு விசாரணை தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ‘ரீகால்’ செய்யப்பட்டன. ஒரு காரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவேண்டியிருக்கவில்லை. மென்பொருளை இணையம் வழியே மாற்றி எச்சரிக்கைகளைக் கூட்டினார்கள். ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கண் எங்கே இருக்கிறது என்று உள்ளே ஒரு கேமரா பார்ப்பதுதான் உருப்படியான காவல். 2024-இல் ஐஐஎச்எஸ் என்ற அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் ஓட்டுநரைக் கண்காணிக்கும் ஏற்பாடுகளைச் சோதித்தபோது, 14 அமைப்புகளில் 11 ‘மோசம்’ என்ற மதிப்பையே பெற்றன.

தானியங்கி அவசர பிரேக்கின் கதை வேறு. அது வண்டியை ஓட்டுவதில்லை. மனிதர் தவறும் அந்த ஓரிரு வினாடியில் மட்டும் குறுக்கிடுகிறது. முன்னால் போகும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகளை இது ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். சொகுசு வசதிக்கும் பாதுகாப்பு வசதிக்கும் ஒரே பெயரிட்டு ஒரே பொட்டலமாக விற்பதில்தான் குழப்பம்.

இந்தியச் சாலையில் கேள்வியே மாறுகிறது. 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 44 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். பின்விளக்கு எரியாத மொபெட்டையும், ராங் சைடில் வரும் பைக்கையும் கேமரா அடையாளம் காண்கிறதா என்பதே இங்கே முக்கியம். கோடு அழிந்த சாலையில் லேன் உதவி வேலை செய்யாது. கார் விட்ட இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். கார் பிரேக் போடும். அடுத்த இடைவெளியில் ஒரு பைக் நுழையும். பின்னால் வரும் வண்டி ஹாரன் அடிக்கும். எரிச்சலில் ஓட்டுபவர் மொத்தத்தையும் அணைத்துவைத்தால், பயன்தரும் அவசர பிரேக்கும் அதோடு போய்விடக்கூடும். புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிட 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டத்தின் முதல் விதிகளிலோ, இந்த பிரேக்குக்கென்று மதிப்பெண் எதுவும் ஒதுக்கப்படவில்லை.