பொசுக்கென்று அணையும் கம்ப்யூட்டர்!

சம்பளத்தில் மிச்சம் பிடித்து, போனஸையும் சேர்த்துப் போட்டு, ஒரு வழியாகப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியாயிற்று. பழையதைக் கழற்றிவிட்டு மாட்டியாயிற்று. சனிக்கிழமை ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கேம் ஓடுகிறது. படம் கண்ணாடி மாதிரி. எதிரி எதிரே வருகிறான், துப்பாக்கியைத் தூக்குகிறீர்கள்... பொசுக்!

கரண்ட் போச்சா என்று பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது. பக்கத்து வீட்டு டி.வி. அலறுகிறது. அணைந்தது உங்கள் கம்ப்யூட்டர் மட்டும்தான்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது கூடுதல் எரிச்சல். 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட், ஆக மொத்தம் 1050 மெகாவாட்டுக்கு அனல் மின் நிலையம் கட்டிய ஊர். அங்கே ஒரு பெட்டிக்குள் 300 வாட் போதவில்லை!

மறுநாள் ஆலோசனைகள் வந்து குவியும். "கார்டு டூப்ளிகேட் போலிருக்கு அண்ணாச்சி" என்பார் ஒருவர். "விண்டோஸை மறுபடி போடுல" என்பான் நண்பன். "ராத்திரி கண் முழிச்சு விளையாடினா இப்படித்தான்" என்பார் அப்பா. கடைசியில் நல்ல கார்டைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுங்கள் சார். முதலில், எப்படி அணைந்தது என்று பாருங்கள்.

நீலத் திரை வந்து ஏதோ எழுத்து காட்டினால், டிரைவர் கோளாறாகவோ மெமரி கோளாறாகவோ இருக்கலாம். பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். கேம் முதலில் திக்கித் திணறி, பிறகு அணைந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். சூடேறிய கார்டு முதலில் தன் வேகத்தைத்தான் குறைக்கும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பிளக்கைப் பிடுங்கியது போல் அணைந்தால்? பெரும்பாலும் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளைதான். பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வருகிறது என்றால் சந்தேகம் இன்னும் பலம்.

விண்டோஸின் ஈவென்ட் வ்யூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெஷின் முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் 'ஆசாமி இறந்துவிட்டார்' என்று எழுதுவது போல. காரணத்தைச் சொல்லாது.

இனி நம்ம பி.காம். கணக்கு. எஸ்.எம்.பி.எஸ். மேல் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 தரம் 18, ஆக 216 வாட். வரவு அவ்வளவுதான். செலவைப் பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட். பிராசசர், ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 270-ஐத் தாண்டும். பட்ஜெட்டில் துண்டு விழுகிறதா? இந்தக் கார்டுக்கு என்விடியாவே 550 வாட் சப்ளை சிபாரிசு செய்கிறது. 80 ப்ளஸ் முத்திரை சிக்கனத்துக்கான சர்டிபிகேட். பலத்துக்கு அல்ல.

கணக்கு சரியாக வந்தும் அணைகிறதே என்பவர்களுக்குக் கொற்கையில் பதில் இருக்கிறது. இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்களின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவர் கையில். அதற்காகவே மனைவியின் உடன்பிறந்தவனைக் கயிறு பிடிக்க நிறுத்துவார்களாம். தங்கச்சி தாலி சமாசாரமாயிற்றே! கீழே சுண்டினால் மேலே அந்த நொடியே இழுக்க வேண்டும். 'சராசரியாக நான் பலசாலி' என்று மச்சான் சொல்லிப் பிரயோஜனமில்லை.

கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான் சுண்டுகிறது. 320 வாட் என்று போட்டிருக்கும் ஆர்டிஎக்ஸ் 3080, கண் இமைக்கும் நேரத்தில் பல நூறில் ஒரு பங்குக்குள் அதற்கு மேல் எகிறிவிட்டு இறங்கும். சப்ளை, 'ஐயோ, ஷார்ட் சர்க்யூட்!' என்று பயந்து தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. 2020-ல் வந்த இந்த வரிசைக் கார்டுகளால் நல்ல சப்ளைகளே திணறின. 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 விதிகள், பெரிய கார்டுகளுக்கான சப்ளை 100 மைக்ரோ செகண்டுக்கு இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்றன.

காசு செலவழிக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்:

1. யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் கண் சிமிட்டும்போது மட்டும் அணைந்தால், ஆள் அதுதான்.

2. கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால், சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு ஒயர் கொடுங்கள். ஒரே ஒயரின் இரட்டை வாலை மாட்டாதீர்கள்.

3. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவிகிதமாக்கி விளையாடுங்கள். அணையவில்லையா? கார்டைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, சப்ளையை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

4. முடிந்தால் நண்பரின் நல்ல சப்ளையை ஒரு நாள் கடன் வாங்குங்கள், அதன் ஒயர்களோடு சேர்த்து. ஒரு கம்பெனி ஒயரை வேறு கம்பெனி சப்ளையில் மாட்டினால், முனை பொருந்தினாலும் உள்ளே இணைப்பு மாறியிருக்கும். மொத்தமும் கருகலாம்.

உப்பளக் காற்று வீசும் ஊர் என்பதால் இன்னொன்று. ஈரமும் உப்பும் கனெக்டர்களை அரிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் சுத்தம் செய்து அழுத்தி மாட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். தூக்கியடித்துவிடும்!

நல்ல சப்ளை பொசுக்கென்று அணைவது அதன் பொறுப்புணர்ச்சி. அணையத் தெரியாத மலிவு சப்ளை, கார்டு, போர்டு எல்லாவற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது பட்ஜெட்டை கார்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முத்தெடுப்பது அப்புறம். முதலில் நல்ல மச்சானாகப் பாருங்கள்.