ஒரு அடைக்கோழியில் இருந்து மீண்டும் தொடங்கினோம்

அக்கராயனில் எங்கள் வளவில் இருபதுக்குக் குறையாத ஊர்க்கோழிகள் நின்றன. விடியற்காலையில் அம்மா கூட்டைத் திறந்து "பா... பா..." என்று கூப்பிட்டால் முற்றம் நிறைந்துவிடும். முட்டை விற்ற காசு அம்மாவின் காசு. ஐயா அதில் கைவைப்பதில்லை. எங்கள் கொப்பி, பேனை எல்லாம் அதில்தான்.

2008 இல் இடம்பெயர்ந்தபோது நான்கு கோழிகளை மட்டும் காலைக் கட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். மற்றவை பகலில் பிடிபடவில்லை. அம்மா கூட்டுக் கதவைத் திறந்து கல் அண்டை கொடுத்துவிட்டு, இருந்த நெல்லை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தா. அந்த நான்கும் விசுவமடுவுக்கு அப்பால் எங்களோடு வரவில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு ஐயாவும் வரவில்லை.

2010 இல் மீள்குடியேறியபோது கூடு நின்ற இடத்தில் பற்றைதான் இருந்தது. அயலில் இருந்த அக்கா ஒருவர் ஒரு அடைக்கோழியும் பதினொரு முட்டையும் தந்தா. பொரிக்கிற குஞ்சில் பாதி அவவுக்கு என்பது பேச்சு.

அடை வைப்பதை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். சேவலோடு திரியும் பேட்டின் முட்டையாக, ஒரு கிழமைக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். பழைய கடகத்தில் சாம்பல் கலந்த மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பொழுதுபட்ட பிறகு கோழியை இருத்த வேண்டும். சாம்பல் பேனைக் குறைக்கும். இடிக்கு முட்டை கூழாகாமல் இருக்க அம்மா ஒரு இரும்புத் துண்டும் கரியும் வைத்தா. அது நம்பிக்கைதான். ஆனாலும் நான் எடுக்கவில்லை.

ஏழாம் நாள் இருட்டில் ரோச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், சிவப்பு நரம்பு ஓடுவது கருக்கட்டியது. தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடலாம். கோழி நாளுக்கு ஒருமுறைதான் எழும்பும். தண்ணீரும் தீனும் பக்கத்தில் இருந்தால் முட்டை ஆறமுதல் திரும்பிவிடும்.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள். அக்காவுக்கு ஐந்து, எங்களுக்கு நான்கு. ஒற்றைப்படையாக வந்ததை அம்மா அவவுக்கே விட்டா. குறுணலும் கறையானும் போட்டு வளர்த்தோம். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து முதல் மாதம் கரப்பால் மூடி வைத்தோம். கழுத்துத் திருகிச் சாகும் நோய் வந்தால் ஒரு கிழமையில் கூடே வெறுமையாகும். வந்தபின் மருந்தில்லை. ஆகவே கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, நோய் வருமுன் தடுப்பு மருந்து கொடுத்துவிடுங்கள்.

தங்கச்சி பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவளின் கொப்பிக் காசு அந்த நான்கில் இருந்து பெருகியவற்றின் முட்டையில்தான் வந்தது.

இப்போது எங்கள் கூடு சீமெந்துக் கல்லில் கட்டியது. பூட்டுப் போடச் சொன்னால் அம்மா கேட்பதில்லை, கொளுக்கி மட்டும்தான். "அவசரத்தில திறக்கவேணும்" என்பா.