பறக்கும் தட்டுகள்: லவண்டர் வயலிலிருந்து மலாக்கா நீரிணை வரை

பறக்கும் தட்டு பற்றிய பேச்சு 1947 ஜூன் 24 அன்று தொடங்கியது. அமெரிக்க விமானி கென்னத் அர்னால்டு, ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பொருள்கள் மிக வேகமாகப் பறந்ததாகச் சொன்னார். அவை நகர்ந்த விதத்தை, தண்ணீரில் தட்டை வீசினால் துள்ளிச் செல்வதோடு ஒப்பிட்டார். செய்தித்தாள்கள் அந்தப் பொருள்களையே தட்டு ஆக்கிவிட்டன. அதன்பின் உலகெங்கும் வந்த புகழ்பெற்ற செய்திகளில் பல கிராமப்புறங்களைச் சேர்ந்தவை. அங்கே இரவில் இருள் அதிகம், வானமும் பரந்து தெரியும். விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஆளரவமற்ற இடத்தில் தனியே இருப்பார்கள்.

புக்கிட் மெர்தாஜாம், 1970

மலேசியாவில் இத்தகைய செய்திகளில் அதிகம் பேசப்பட்டது பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் நடந்தது. 1970 ஆகஸ்டில் அங்குள்ள ஸ்டோவெல் ஆங்கிலத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்கள் சிலர், சாப்பாட்டுத் தட்டு அளவேயான ஒரு கலம் பள்ளிக்கு அருகே புதரில் இறங்கியதாகக் கூறினர். அதிலிருந்து மூன்று அங்குல உயரமுள்ள உருவங்கள் வெளியே வந்தனவாம். அவற்றில் ஒன்று மஞ்சள் உடையிலும் மற்றவை நீல உடையிலும் இருந்தனவாம். பிடிக்கப் போன ஒரு சிறுவன், அவை தன்னைச் சுட்டுவிட்டதாகச் சொல்லி ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினான். அந்த ஆண்டில் வந்த இதுபோன்ற செய்திகளை மலேசிய ஆய்வாளர் அகமது ஜமாலுதீன் தொகுத்து எழுதினார்.

இதற்கு அறிவியல் விளக்கம் தேடும்போது சில விவரங்கள் கவனத்துக்குரியவை. சாட்சிகள் அனைவரும் சிறுவர்கள். சோதித்துப் பார்க்கக்கூடிய பொருள் எதுவும் மிஞ்சவில்லை. ஓராண்டுக்கு முன்புதான், 1969 ஜூலையில், மனிதன் நிலவில் இறங்கியிருந்தான். விண்கலமும் விண்வெளி உடையும் பிள்ளைகளின் பேச்சில் புழங்கிய காலம் அது. காட்டில் மறைந்து வாழும் ‘ஓராங் புனியான்’ பற்றிய மலாய்க் கதைகளும் அந்த மண்ணில் வேரூன்றியவை. புதருக்குள் கண்ட ஒரு பூச்சியோ, விளையாட்டாகத் தொடங்கிய ஒரு கற்பனையோ, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிப் பெரிதாகியிருக்கலாம். அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் பூச்சிக்கடியே போதுமான காரணம்.

பிரெஞ்சுக் கிராமங்களில்

இதே சாயலுள்ள செய்திகள் மிகுதியாகப் பதிவான நாடு பிரான்ஸ். அங்கே இவற்றின் வேர் மிகப் பழமையானது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரப் பேராயர் அகோபார்டு, மேகங்களில் கப்பல்கள் வருவதாகவும், ‘மகோனியா’ என்ற நாட்டுக்காரர்கள் புயலில் விழுந்த விளைச்சலை அவற்றில் ஏற்றிச் செல்வதாகவும் குடியானவர்கள் நம்பியதைக் கண்டித்து எழுதினார். அக்கப்பலிலிருந்து விழுந்தவர்கள் என்று சொல்லி மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் கட்டி இழுத்து வந்து கல்லால் அடிக்கக் கூட்டம் தயாராக இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். பிரான்சில் பிறந்த ஆய்வாளர் ஜாக் வாலே, 1969இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பிலேயே மகோனியாவைச் சேர்த்து, பழைய தேவதைக் கதைகளுக்கும் பறக்கும் தட்டுச் செய்திகளுக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டினார்.

1954 இலையுதிர்காலத்தில் பிரான்ஸ் முழுவதும் இச்செய்திகள் அலையாக எழுந்தன. செப்டம்பர் 10 அன்று வடக்கே குவாரூப்ல் என்ற ஊரில், ரயில் பாதைக்கு அருகே வசித்த தொழிலாளி ஒருவர் குள்ள உருவங்களைக் கண்டதாகச் சொன்னார். அக்டோபரில் திராட்சை மதுவுக்குப் பேர்போன ஷாத்தோநெஃப்-து-பாப் ஊரின் மேயர், தம் ஊர் எல்லைக்குள் பறக்கும் தட்டுகள் பறக்கவோ இறங்கவோ கூடாது என்று உத்தரவே போட்டார். ஊருக்கு நல்ல விளம்பரம் கிடைத்தது. ஒரு செய்தி அடுத்த செய்திக்கு வித்திடும் என்பதற்கு அந்த ஆண்டு நல்ல சான்று: தட்டு பற்றிப் படித்தவர், முன்பு பொருட்படுத்தாமல் விட்ட ஒளியை இப்போது நின்று பார்க்கிறார்.

1965 ஜூலை 1 அதிகாலை, தெற்கே வலென்சோலில் லவண்டர் பயிரிடும் விவசாயி ஒருவர், தம் வயலில் முட்டை வடிவக் கலம் ஒன்று இறங்கியதாகவும், அருகே போன தாம் அசைய முடியாமல் நின்றுவிட்டதாகவும் கூறினார். நிலத்தில் ஒரு குழி இருந்தது. அவர் பார்த்தது ராணுவ ஹெலிகாப்டராக இருக்கலாம் என்ற கருத்து பிற்பாடு முன்வைக்கப்பட்டது, ஆனால் உறுதியாகவில்லை.

1981 ஜனவரி 8 அன்று திரான்ஸ்-ஆன்-புரொவான்ஸ் ஊரில் நடந்தது, அறிவியலாளர்கள் நேரடியாக ஆராய்ந்த வழக்கு. வீட்டுத் தோட்டத்தில் கலம் இறங்கி எழுந்ததாக ஒருவர் சொல்ல, காவல்படையினர் மண்ணும் செடியும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். மண் அழுத்தப்பட்டுச் சூடேறியதற்கான அடையாளம் தெரிவதாகவும், செடிகளில் பச்சையம் குறைந்திருப்பதாகவும் அறிக்கை வந்தது. தரையில் இருந்த வளையத் தடம் வண்டிச் சக்கரத் தடத்தைப் போலவே இருப்பதை மறுப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். மண்ணில் தடம் இருப்பது உண்மை. அது எதனால் வந்தது என்பதே சர்ச்சை.

கணக்கெடுக்கும் அரசு அலுவலகம்

இந்தச் செய்திகளை ஆராய்வதற்கென்றே பிரெஞ்சு விண்வெளி நிறுவனம் 1977இல் துலூஸ் நகரில் ஒரு பிரிவை ஏற்படுத்தியது. இன்று அதன் பெயர் ஜெய்பான். 2007இல் அது தன் கோப்புகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஒவ்வொரு வழக்கையும் அது நான்கு வகைகளில் ஒன்றில் சேர்க்கிறது: காரணம் உறுதியாகத் தெரிந்தவை, பெரும்பாலும் தெரிந்தவை, தகவல் போதாதவை, நல்ல தகவல் இருந்தும் விளங்காதவை. கடைசி வகை சுமார் 3 விழுக்காடுதான். தகவல் போதாத வழக்குகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்றவற்றுக்கெல்லாம் கோள், விமானம், செயற்கைக்கோள், பலூன், காகித விளக்கு, எரிகல் என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

1990 நவம்பர் 5 மாலை நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பிரான்சின் பல பகுதிகளில் ஏராளமானோர், விளக்குகள் பொருத்திய மாபெரும் முக்கோணக் கலம் ஒன்று ஓசையின்றித் தலைக்கு மேல் கடந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் அது சோவியத் புரோட்டான் ராக்கெட்டின் ஒரு பகுதி காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்து சிதறிய காட்சி. சிதறிய துண்டுகள் ஒரே வேகத்தில், ஒரே திசையில் சென்றன. புள்ளி புள்ளியாகத் தெரிந்த ஒளிகளைச் சேர்த்து, நடுவே ஒரு கரிய உடலை மனம் வரைந்துகொண்டது. சாட்சிகள் பொய் சொல்லவில்லை. ஒளிகள் இருந்தன; கலம்தான் இல்லை.

லடாக்கும் சரவாக்கும்

பயிற்சி பெற்ற கண்களும் ஏமாறும். 2012–13இல் லடாக்கின் பாங்கோங் ஏரிப் பகுதியில் காவலிருந்த இந்திய வீரர்கள், எல்லை தாண்டி வரும் ஒளிகளை மாதக்கணக்கில் கண்டு நூற்றுக்கணக்கான பதிவுகள் செய்தனர். சீன உளவு விமானங்களோ என்ற ஐயம் எழுந்தது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிஞர்கள் வரவழைக்கப்பட்டனர். ஒளி தோன்றிய நேரத்தையும் திசையையும் விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை வெள்ளியும் வியாழனும் என்று தெரிந்தது. மெல்லிய மலைக்காற்றில் கோள்கள் வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும்.

மலேசியர்கள் பலர் நேரில் பார்த்த நிகழ்வு 2022 ஜூலை 31 அதிகாலை 12.45 மணியளவில் நடந்தது. சரவாக்கின் கூச்சிங் பகுதியில் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒளித்துண்டுகள் வரிசையாகச் சென்ற காணொளிகள் பரவின. ஒரு வாரத்துக்கு முன் ஏவப்பட்ட சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையப்பகுதிதான் அது. 1990இல் பிரான்சில் பலரைக் குழப்பிய அதே வகைக் காட்சி, இம்முறை சில மணி நேரத்தில் விளங்கிவிட்டது. காரணம், ராக்கெட் எப்போது எங்கே விழலாம் என்பதை முன்கூட்டியே பலர் கணித்து வந்தார்கள்.

மூவார் வானில் எதிர்பார்க்கக்கூடியவை

இப்படி ஏமாற்றும் ஒளிகள் மலேசியாவின் மூவார் நகரிலும் தெரியலாம். அதன் கடற்கரை தென்மேற்காக மலாக்கா நீரிணையைப் பார்த்திருக்கிறது. மாலை வெள்ளி மேற்கே, கடற்பக்கமாக மறையும். அடிவானத்துக்கு அருகே காற்றின் அலைவால் அது சிவப்பும் பச்சையுமாக மின்னும். காரில் செல்பவருக்குக் கூடவே வருவது போலிருக்கும். இருளில் தனியாகத் தெரியும் ஒளியை உற்றுப் பார்த்தால், அசையாததும் அசைவதாகத் தோன்றும். இது கண்ணின் இயல்பு. நேர் எதிரே வரும் விமானத்தின் விளக்கு, நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்து திடீரென விலகும். ஈர மூட்டத்தில் கப்பல் விளக்கும் மீன்பிடிப் படகின் விளக்கும் நீருக்கு மேலே மிதப்பதாகத் தோன்றலாம். அந்திக்குப் பிந்திய ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் புள்ளிகளாக வரிசை கட்டிச் செல்லக்கூடும். தமிழ்க் கிராமங்களில் சதுப்பு நிலத்து ஒளிக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். அழுகும் தாவரங்களிலிருந்து எழும் வாயுக்களை அதற்குக் காரணமாகச் சொல்வது நெடுநாள் வழக்கம்.

விளங்காத ஒளி ஒன்றைக் கண்டால் குறித்துக்கொள்ள வேண்டியவை ஐந்து: தேதியும் நிமிடம் வரையிலான நேரமும், நின்ற இடம், திசை, அடிவானத்திலிருந்து உயரம், நீடித்த நேரம். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டி வானில் ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். உயரத்தை அளக்க இதுவே போதும். நிறுத்தக்கூடிய இடமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது நல்லது. பலர் சேர்ந்து பார்த்திருந்தால், பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். பொருள் எவ்வளவு பெரிது, எவ்வளவு தொலைவு என்ற மதிப்பீடுகளை நம்புவதற்கில்லை. தெரியாத ஒன்றின் தொலைவைக் கண்ணால் அளக்க முடியாது. லடாக்கில் விடை தந்தது நேரமும் திசையும்தான். அவை இல்லாத வழக்குகள் ஜெய்பானின் ‘தகவல் போதாது’ வகையிலேயே தங்கிவிடுகின்றன.