துரைமார் வாசலும் தணிகைப் படியும்

ஆங்கில வருஷப் பிறப்பன்று எலுமிச்சம்பழமும் மாலையும் ஏந்திக்கொண்டு வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களா வாசலில் காத்து நிற்பது ஒரு காலத்தில் நம் உத்தியோகஸ்தர்களின் வழக்கமாக இருந்தது. பட்டம் பெற்றவர், நெற்றி நிறைய நீறு பூசியவர் யாவரும் அதில் அடக்கம். துரை வெளியே வந்து தலையை அசைத்துவிட்டால் ஜன்மம் சாபல்யமாயிற்று! இதற்குப் பணிவு என்று பெயரும் சூட்டியிருந்தோம்.

துரைகளுக்கெல்லாம் துரையான முருகனிடம் போவோம் என்று அன்பர்களைத் திருப்பியவர் வள்ளிமலை சச்சிதானந்த ஸ்வாமிகள். 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி திருத்தணிகையில் திருப்புகழ்த் திருப்படி விழாவைத் தொடங்கி வைத்தார். படிகள் 365, படிக்கொரு திருப்புகழ். கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறி, புது வருஷத்தை வேலவன் சந்நிதியில் வரவேற்பது என்று ஏற்பாடு.

இத்தனைக்கும் ஸ்வாமிகள் பண்டிதர் அல்லர். 1870-இல் பவானியில் பிறந்த அர்த்தநாரி, மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். தீராத வயிற்றுவலியோடு பழனிக்குச் சென்றவரின் செவியில் அங்கே திருப்புகழ் விழுந்தது. உள்ளம் உருகியதே தவிர, நூலை எடுத்துப் படிக்கத் தமிழெழுத்துத் தெரியாது. நடுவயதில் எழுத்துக் கற்றுக்கொண்டார். ஐந்து வயதுக் குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லித்தரும் நமக்கு, இது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும். வயது வந்தவனுக்கு எழுத்து ஏறாமற் போவது மூளையின் குற்றமன்று. பிறர் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணந்தான் குறுக்கே நிற்கிறது. 'நான்' என்பது வேதாந்த வகுப்பில் மட்டும் இருப்பதா என்ன!

பின்னர் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியை அடைந்தார். மகரிஷியோ மலையை விட்டு இறங்கும்படி சொல்லிவிட்டார். ஞானம் வேண்டி ஏறியவனை இறங்கச் சொன்னால் நமக்கு மனம் சுருங்கும். அவர் மறு பேச்சின்றி இறங்கினார். அடிவாரத்தில் சேஷாத்ரி ஸ்வாமிகள், திருப்புகழே மந்திரம் என்று உணர்த்தி வள்ளிமலைக்குப் போகப் பணித்தார்.

வேலூருக்கு வடக்கே உள்ள அந்த மலையின் கதையைக் குழந்தைகளும் அறிவர். தினைப்புனம் காத்த வேடர் மகளை நாடி இறைவன் வேடனாகவும், வேங்கை மரமாகவும், தள்ளாத கிழவனாகவும் வந்தான். வள்ளி பக்குவப்பட்ட ஜீவன் என்பர் பெரியோர். அப்படியானால் இக்கதையில் முதலில் தாழ்ந்து வந்தவன் ஆண்டவனே அன்றோ?

இதை இந்தப் பக்கத்தில் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் இடங்களில், சுண்ணாம்பு நீரில் கை வெந்து உழைப்பவர்களின் குழந்தைகள் நம்மிடம் படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரைப் பார்த்து, அடங்கி நடப்பதே கதிமோட்சம் என்று உபதேசிக்கும் கனவான்களைக் கண்டிருக்கிறோம். அது பக்தி அன்று, சௌகரியம். பிறரால் தாழ்த்தப்பட்டவனிடம் மேலும் தாழ்மையைக் கேட்பானேன்? கீழே இறக்கி வைக்க வேண்டிய சுமை கனவானின் தலையில் அல்லவா இருக்கிறது?

ஸ்வாமிகள் 1950 நவம்பரில் சித்தியடைந்தார். டிசம்பர் 31 அன்று தணிகைப் படிகளில் இன்றும் திருப்புகழ் பாடுகிறார்கள். வள்ளிமலை ஏறுவோர் அவர் வாழ்ந்த ஆசிரமத்தையும் குகையையும் தரிசித்து வரலாம்.